தானா நின்றுவிடுமாம், யார் சொன்னது?

டுயிஸ்பர்க், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லா இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், இதை முதலில் ஆச்சியிடம் சொல்லிவிடு. கங்கைகொண்டான் குடோனுக்கு ஆளில்லா வண்டி வரப்போகிறது, விற்க வந்தவர் "சென்சார் இருக்கு சார், ஆள் குறுக்கே வந்தா தானா நின்னுரும்" என்றார், உங்கள் மேனேஜருக்கும் அதோடு திருப்தி என்று போனில் சொன்னாய் பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும்.

ரைன் நதியும் ரூர் நதியும் சேருகிற ஊர் இது. ஐரோப்பாவின் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் இங்கேதான், அதனால் எங்கே திரும்பினாலும் குடோன். குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், வெயிலைப் பார்ப்பதே லீவு நாளில்தான். ஆனால் குடோனுக்குள் எப்போதும் பட்டப்பகல். அதற்குள் ஏஜிவி என்கிற ஆளில்லா வண்டிகள் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கின பலகையை, தூக்கிக்கொண்டு அலையும், அவற்றைப் பராமரிப்பதுதான் என் வேலை.

அந்த வண்டி எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள். தரையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் லேசர் ஸ்கேனர் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தரைக்கு இணையாக விசிறிக்கொண்டே இருக்கும். ஏன் அவ்வளவு தாழ்வாக என்றால், ஆளில்லா வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 என்ற தரவிதிப்படி சோதிக்கும்போது 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை நிமிர்த்தி வைப்பார்கள், அது நிற்கிற ஆளின் கால். 200 மில்லிமீட்டர் உருளையைப் படுக்க வைப்பார்கள், அது விழுந்துகிடக்கிற ஆள். இரண்டையும் அது கண்டுபிடிக்க வேண்டும். சரி, கால் தெரிந்துவிடும். ஆனால் ஃபோர்க்லிஃப்ட்காரர் சரக்கைத் தூக்கும் இரும்புக் கைகளை இடுப்பு உயரத்தில் நீட்டியபடி நிறுத்திவிட்டுப் போனால், அதற்குக் கீழே வெறும் காற்றுதானே, அந்த வெறுமையைப் பார்த்து வழி இருக்கிறது என்று நினைத்து வண்டி நேராகப் போய் முட்டும். ரேக்கிலிருந்து வெளியே துருத்தும் பெட்டியும், எட்டிக் குனிகிற ஆளின் தலையும் அப்படித்தான். எல்லா உயரத்திலும் பார்க்கும் கேமரா வைத்த வண்டிகளும் உண்டு, உங்களுக்கு வருவதில் இருக்கிறதா என்று கேள்.

அப்புறம் அந்த "தானா நின்னுரும்". ஸ்கேனருக்கு முன்னால் இரண்டு எல்லை உண்டு. வெளி எல்லைக்குள் ஆள் வந்தால் வேகம் குறையும், உள் எல்லைக்குள் வந்தால் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்காகும், அதனால் வேகத்துக்கு ஏற்ப உள் எல்லையும் நீளும். ஆனால் அந்தக் கணக்கு காய்ந்த தரைக்கும் குறிப்பிட்ட எடைக்கும் போட்டது. உங்கள் கூரை ஐப்பசி மழையில் ஒழுகும் என்பாயே, அந்த ஈரத்தில் யாராவது ஓட்டிப் பார்த்தார்களா? இன்னொன்று, ரேக் முனையிலிருந்து திடீரென்று ஒருவர் கால் வைத்தால் பார்த்தும் பயனில்லை, நிற்க இடமே இருக்காது. அதற்காகத்தான் இங்கே ரேக் முனைகளில் இரும்புத் தடுப்பு வைத்து நடப்பவர்களை ஒரு வளைவு சுற்றி வரச் செய்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட ஆபத்து, வண்டி சும்மா சும்மா நிற்பதுதான். ஆடிக் காற்றில் தூசி வந்து ஸ்கேனர் கண்ணாடியில் படியும், பேலட்டில் சுற்றின பிளாஸ்டிக் தாள் கிழிந்து முன்னால் தொங்கும், வண்டி நின்றுவிடும். அது நிற்பது சரிதான், சந்தேகம் வந்தால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் லாரி காத்திருக்கும்போது ஒரு ஷிப்டில் பலமுறை நின்றால் ஆட்களுக்குப் பொறுக்காது, "எல்லையைக் கொஞ்சம் சுருக்கி வை" என்று யாராவது சொல்வார்கள், சுருக்கத் தெரிந்தவன் ஒருவன் இருப்பான். அன்றோடு பாதுகாப்பு போச்சு. இங்கே அந்த அமைப்பைத் தொடப் பாஸ்வேர்டு வேண்டும், யார் எப்போது ஏன் மாற்றினார் என்று கையெழுத்தோடு தாளில் இருக்கும். கண்ணாடி துடைப்பதும் வேலைப்பட்டியலிலேயே உண்டு, துடைத்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது அம்மா நம்மைச் சுவரோரம் நிற்கவே விடமாட்டாள், சந்து இருக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு போவாள், நினைவிருக்கா? அதேதான் இங்கேயும். வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவில் ஆள் மாட்டினால் நசுங்கிவிடுவார். அதனால் ஆள் நடமாடும் இடத்தில் வண்டியின் இரண்டு பக்கமும் அரை மீட்டர் இடைவெளி, 2.1 மீட்டர் உயரம் வரை, விட வேண்டும் என்று தரவிதியே சொல்கிறது. அந்த இடம் இல்லாத பகுதியைத் தனியாகக் குறித்து, வண்டியை மெல்ல ஓட்ட வேண்டும், சும்மா நடப்பவர்களை உள்ளே விடக் கூடாது.

இங்கே எல்லாரும் ஒழுங்கு என்று நினைத்துவிடாதே. வருஷம் ஒரு தடவையாவது எல்லாருக்கும் பாதுகாப்புப் பாடம் சட்டப்படி உண்டு, கையெழுத்தும் போடுவோம், அப்புறமும் ஷிப்ட் முடிகிற அவசரத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் குறுக்கே நடப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வழியை மறித்தவர் நகர்ந்ததும் வண்டி ஒரு ஒலி கொடுத்துவிட்டுச் சில நொடிகளில் தானாகவே மறுபடி கிளம்பும், புது ஆட்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஏலே, நீ செய்ய வேண்டியது இதுதான். ஃபோர்க்லிஃப்டும் ஏஜிவியும் ஒரே சந்தில் ஓடுமா, யார் யாருக்கு வழிவிடுவது என்று மேனேஜரிடம் கேள். முடிந்தால் ஆரம்பத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை போடச் சொல். அப்புறம் ரேக்குக்குப் போல்ட் அடிப்பதற்கு முன்னால் டேப் பிடித்து ஒவ்வொரு சந்தின் அகலத்தையும் அள, தூண் நடுவில் வரும் இடங்களை விட்டுவிடாதே. அளவையும் தரையின் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அப்பாவின் கண் ஆபரேஷன் என்றைக்கு என்று இன்னும் நீ சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா