ரஹீம் சாஹிப் விட்டுப்போனது

தூத்தூர்,
ஜூன் மாதம்.

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. உன் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றுகிற வேலை மழைக்கு முன்பே முடிந்துவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இங்கே தடைக்காலம். ஜூலை முடியும்வரை விசைப்படகெல்லாம் கொச்சியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கட்டிக் கிடக்கும். ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் கரையில் இருப்பதால் சாயங்காலமானால் திடலைச் சுற்றி நிற்க இடமில்லை. மழை கொட்டினாலும் பிள்ளைகள் பந்தை விடுவதில்லை. சகதியில் விழுந்து எழுந்து, எவன் எந்த ஜெர்சி என்றே தெரியாமல் ஆடுகிறார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் கோச்சாக இருந்த பெர்குசனைப் பற்றி எழுதியிருந்தாய். 1986 முதல் 2013 வரை ஒரே கிளப், 13 லீக் பட்டங்கள். அதை யார் மறுக்க முடியும்? ஆனால் அவர் போனபின் அணி தடுமாறியதையே அவர் பெருமைக்குச் சான்றாகச் சொல்கிறாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது அதில் தெரிகிறது, சரி. ஒரு கோச் எதை விட்டுப்போனார் என்பதை அதில் பார்க்க முடியாது. அவர் சொல்லிக்கொடுத்தது அவரைப் பார்த்தே இராத ஒரு பையனின் காலில் இருக்கிறதா? அதைத்தான் நான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் என் மனதில் முதலில் வருகிறவர் இந்தியக் கால்பந்து அணியின் கோச்சாக இருந்த ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம்.

அடிப்படையில் அவர் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கையில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு இறங்கி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அப்போதும் அவர்தான் கோச். நாலே வருஷத்தில், மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது அதே இந்தியா. எதிரே மறுபடியும் யுகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது, நெவில் டிசோசா அடித்தது! கடைசியில் 4-1 என்று தோற்றோம், நான்காம் இடம். பின்னால் அவர் வாங்கித்தந்த தங்கப் பதக்கத்தைவிட, யுகோஸ்லாவியாவோடு ஆடிய இந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் இருக்கிற நாலு வருஷத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அந்தப் பத்து கோல்களை வாங்கியவர் ஓடி ஒளியாமல் பயிற்சிக்குத் திரும்பியிருக்கிறார்.

அப்புறம் 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தென்கொரியாவிடம் 2-0 தோல்வியோடு தொடக்கம். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். டிஃபெண்டரான அவரை ரஹீம் உட்காரவைக்கவில்லை, சென்டர் ஃபார்வர்டாக முன்னே ஏற்றினார். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கத்துகிற கூட்டம். அதே தென்கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1, தங்கம். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ரஹீமின் உடம்பில் அப்போதே புற்றுநோய். அடுத்த ஜூன் 11 அன்று இறந்துவிட்டார்.

இதெல்லாம் உனக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ஹைதராபாத்தில் அவர் விசித்திரமான டூர்னமென்ட்கள் நடத்தியிருக்கிறார். ஒன்றில் டிரிப்ளிங் கூடாது, அதாவது பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஆளைத் தாண்டிப் போகவே கூடாது. இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் பந்தைத் தொடலாம். என்ன யோசனை பார்! ‘இடது காலையும் பழக்கு’ என்று ஒரு பையனிடம் ஆயிரம் தடவை சொன்னாலும் ஆட்டத்தில் அவன் வலது காலுக்குத்தான் போவான். அந்த வழியையே அடைத்துவிட்டால் இடது கால் தானாக வேலை செய்யும். கத்துவதற்குப் பதில் விதியை மாற்றிவிட்டார்.

இந்தத் தடைக்காலத்தில் சனிக்கிழமைதோறும் நானும் அதைச் செய்து பார்க்கிறேன். முதலில் ஒரே சிரிப்பு, பந்து எங்கெங்கோ போயிற்று. தனியாகவே நாலு பேரைத் தாண்டிப் போகிற பையன் ஒருத்தன் கோபத்தில் ஜெர்சியைக் கழற்றி எறிந்தான். ஆனால் எப்போதும் ஓரத்தில் நிற்கும் ஒரு சின்னவன், யாரும் பாஸ் கொடுக்காதவன், ரொம்ப நிதானமாக இடது காலால் பந்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒருத்தன் எங்களிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. நம்ம கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரைக்கும் போனதை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். இந்தச் சின்னவனுக்கும் அந்தக் கனவு இருக்கிறது என்று அவன் அப்பா சொன்னார்.

‘ரஹீம் போனபின் இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வெல்லவே இல்லையே’ என்று நீ கேட்பாய். ஆமாம், அது என்னை உறுத்துகிறது. பி.கே. பானர்ஜி பெரிய கோச் ஆனார், ரஹீமின் மகன் ஹக்கீமும் கோச்சாகவும் ரெஃப்ரியாகவும் இருந்தார். ஆட்கள் வழியாகக் கொஞ்சம் வந்தது. மற்றதையெல்லாம் யாராவது உட்கார்ந்து தொகுத்து ஊர் ஊராகத் திடல்களுக்குக் கொண்டுபோயிருந்தால் என் கைக்கு இவ்வளவு தாமதமாக வந்திருக்காது.

அதனால் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். நம்ம மாஸ்டர் நமக்குச் செய்வித்த பயிற்சிகளை எழுதிவைக்கிறேன். அவரிடம் ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, மாஸ்டரும் இல்லை. ஈர மணலில் ஓடியது, கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தில் பந்தை அடித்துத் திரும்பி வருகிறதை ஒரே டச்சில் மறுபடி அடித்தது, இரண்டையும் எழுதிவிட்டேன். கார்னருக்கு மூன்று பேரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிடுவாரே, அதில் யார் முதலில் நகரணும் என்பது மறந்துபோய்விட்டது. நீதான் அதில் கிட்டப் போஸ்ட்டுக்கு ஓடுவாய். உனக்கு முன்னால் ஓடினவன் யார், நீ எப்போது கிளம்புவாய்? ஒரு படம் போட்டு அனுப்பு, கையால் கிறுக்கினது போதும். ஜூலைக்குள் கிடைத்தால் தடை முடிந்து அப்பாமார் கடலுக்குப் போவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் பேக்