நோய்ச் செய்தியோடு போலி மெயிலையும் எச்சரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கேரளாவில் நிபா வைரஸ் என்றால் எல்லையில் வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பரிசோதனை தொடங்கிவிடுகிறது. நாளிதழ்களும் நோயின் அறிகுறிகளை விளக்கமாகப் போடுகின்றன. அதே நாட்களில் மெயிலில் வரும் மோசடியையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

கொரோனா சமயத்தில் பட்டது போதாதா? 2020 ஏப்ரலில், நோயின் பெயரில் வந்த மோசடி மெயில்களை ஜிமெயில் ஒரே நாளில் 1 கோடியே 80 லட்சம் என்ற அளவில் தடுப்பதாக கூகுள் சொன்னது. ஜூனில், சென்னை உள்ளிட்ட நகரங்களில் இலவசப் பரிசோதனை என்று அரசு முகவரியைப் போலவே போலி மெயில் வரலாம் என மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது.

திருப்பூர் அப்போது மாஸ்க்கும் கவச உடையும் தைத்துக்கொண்டிருந்தது. துணியைச் சோதித்துச் சான்று தரும் இடங்களில் கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவும் ஒன்று. அப்படி ஒரு நேரத்தில் 'டெஸ்ட் ரிப்போர்ட் இணைப்பில் உள்ளது' என்று மெயில் வந்தால் ஆர்டர்களைக் கவனிக்கும் எந்த மெர்ச்சண்டைசர் திறக்காமல் இருப்பார்?

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பது பழைய கதை. இப்போது தமிழிலேயே சுத்தமாக எழுதுகிறார்கள். போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தொட்டால் முகவரி வரும். முகவரியையும் போலியாகக் காட்ட முடியும் என்பதால் லிங்க்கை அழுத்திப் பிடித்து அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். லிங்க்கின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் வேறு பெயரில் முடிந்தால் அது வேறு யாருடையதோ. நோய்த் தகவலைப் படிக்க பாஸ்வேர்டு கேட்பதில்லை, நாம் கேட்காமல் அட்டாச்மென்ட் எதையும் அனுப்புவதில்லை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் பார்க்க இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடம்தான் நம் ஆபீஸ்களில் கிடைப்பதில்லை. 'உடனே பணம் அனுப்பு' என்று முதலாளி பெயரில் மெயில் வந்தால் கணக்குப் பார்க்கும் பெண் திருப்பிக் கேட்கப் பயப்படுகிறார். "இந்த மெயில் நீங்க அனுப்புனதுங்களாண்ணா?" என்று போன் போட்டுக் கேட்டால் திட்டு விழாது என்ற தைரியத்தை முதலாளிகள் கொடுக்க வேண்டும். சரக்கு வாங்கும் பையர் பெயரில் 'பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று வந்தாலும் அப்படித்தான். மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணில் கேட்க வேண்டும்.

சரி, பாஸ்வேர்டைக் கொடுத்தாகிவிட்டது என்றால்? வேறு கம்ப்யூட்டரிலிருந்து உடனே மாற்ற வேண்டும். அப்புறம், வரும் மெயில்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்று செட்டிங்ஸில் பார்க்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தைப் பாதி வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

அடுத்த முறை நோய் பரவும்போது, அந்த நேரத்தில் சுற்றும் போலி மெயில் ஒன்றைப் படமாகப் போட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று வட்டமிட்டுக் காட்டுங்கள். 1930 என்ற எண்ணையும் அதன் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், அவிநாசி