கடைசி பஸ் வருமா, போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலையேற்றம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. வருகிற ஒவ்வொன்றையும் கத்தரித்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். பாதை எத்தனை கிலோமீட்டர், ஏற எவ்வளவு நேரமாகும், வழியில் என்ன பறவை கண்ணில் படும் என்றெல்லாம் இருக்கிறது. அந்த இடத்துக்கு எந்த பஸ் போகும் என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். வயது 53. முகூர்த்த மாதங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, எனக்கும் வேலை இல்லை. (ஆடித் தள்ளுபடியில் எடுக்கிற துணியெல்லாம் ஆவணி பிறந்த பிறகுதான் என்னிடம் வந்து சேரும்.) அந்த இரண்டு மாதத்தில் நானும் என் நாத்தனாரும் எங்காவது ஒரு மலைக்குப் போய் நடந்துவிட்டு வருவோம். எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்கூட்டி உண்டு. அது மஞ்சக்குப்பம் வரைக்கும்தான் தாங்கும். அதனால் எங்கே போனாலும் பஸ்தான்.

கடலூரில் மலைக்கு எங்கே போவது? கேப்பர் மலை என்று பேருக்கு ஒன்று இருக்கிறது. சிவப்பு மண் மேடு, அங்கே மத்திய சிறை. அதை விட்டால் திருவந்திபுரத்தில் ஔஷதகிரி. 74 படி ஏறினால் ஹயக்ரீவர் சந்நிதி வந்துவிடும். நாத்தனார் தன் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் மலை முடிந்துவிடுகிறது.

எங்களுக்குப் பக்கத்து மலை என்றால் கல்வராயன் மலைதான். விடியற்காலை முதல் வண்டியில் பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி போய்விடலாம். அங்கிருந்து வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும். ஒரு வளைவில் காதடைக்கும், அடுத்த வளைவில் காற்று மாறும். பெரியார் நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே இருக்கிறது, பஸ்ஸிலிருந்தே பார்த்துவிடலாம். நாங்கள் கரியாலூரில் இறங்கி, வெள்ளிமலைப் பக்கமாகத் தார்ச்சாலையிலேயே நடந்தோம். காட்டுக்குள் கால் வைக்கவில்லை. இரண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடுவே ஊர்ச்சாலையில் நடப்பது, களைத்துப்போனால் பின்னால் வருகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொள்வது, இதுதான் எங்கள் மலையேற்றம். மரவள்ளிக் கொல்லை, சாமை அறுத்த தாள், வீட்டுக்கு வீடு வெயிலில் காயும் கடுக்காய். ஒரு பாட்டி எங்களை நிறுத்தி வைத்து, "யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா நடக்கத்தான் வந்தோம் என்று சொன்னோம். நம்பவில்லை.

அரசின் மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. நல்ல ஏற்பாடு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததை மறந்துவிட்டு, "எங்கள் காடு, எங்கள் இஷ்டம்" என்று யாரும் பேச முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியோடுதான் போக வேண்டும். தீப்பிடிக்கும் மாதங்களில் பாதைகளை மூடுவதும் சரியே. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அந்த 14 மாவட்டங்களில் கள்ளக்குறிச்சி இல்லை. விழுப்புரமும் இல்லை, திருவண்ணாமலையும் இல்லை. எங்களுக்குக் கிட்டத்தில் என்று பார்த்தால் சேலம், திருப்பத்தூர், திருவள்ளூர்தான். அப்புறம், பாதை தொடங்கும் இடத்துக்குக் காலையிலேயே வந்து நிற்கச் சொன்னால் கடலூர்க்காரி எப்படிப் போய் நிற்பாள்? முந்தின நாளே போய் லாட்ஜில் தங்க வேண்டும். அல்லது ராத்திரியோடு ராத்திரியாக வாடகைக் கார் பிடிக்க வேண்டும். ஒரு நாள் நடைக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மலை என்று எழுதவில்லை. அந்த கண்டக்டர் நல்ல மனுஷர், அவருக்கு ஒரு சொல் வரக் கூடாது. காலையில் மேலே இறங்கும்போது அவரிடம், "கடைசி வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டேன். "அஞ்சரைக்கு வரும்மா" என்றார். அஞ்சரை என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். நிதானமாக நடந்து, கொண்டுபோன புளிசாதத்தைப் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். சொன்னபடி அஞ்சரைக்கு வண்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து பாயை எடுத்தார்.

"என்னம்மா, இன்னும் இறங்கலையா?"

"கீழே போகணுங்க."

"இது ஹால்ட் வண்டிம்மா. ராத்திரி இங்கேயேதான் படுக்கும். காலையில அஞ்சு மணிக்குத்தான் இறங்கும். கீழே போற கடைசி வண்டி மூணே முக்காலுக்கே போயிடுச்சே!"

காலையில் பார்த்த கண்டக்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது கடைசி வண்டி, அவர் சொன்னது 'வரும்'. நான்தான் அதை 'போகும்' என்று எடுத்துக்கொண்டேன். நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணி, கையில எழுதினா மட்டும் போதுமா?" என்றாள்.

டீக்கடை அம்மா தன் வீட்டுத் திண்ணையில் எங்களைப் படுக்க வைத்தார். இரண்டு கம்பளி கொடுத்தார், காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். கடலூரில் மார்கழிக் குளிர் என்றால் கோலம் போடும்போது ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிற அளவுதான். அங்கே பல் தந்தி அடித்தது. காலை ஐந்து மணிக்கு டிரைவர் கண்ணாடியில் வழிந்த பனியைப் பழைய நியூஸ் பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார். (உங்கள் பேப்பராக்கூட இருக்கலாம்.) பால் கேன் இரண்டு, தக்காளிக் கூடைகள், பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கர்ப்பிணிப் பெண், அவளோடு மாமியார். வண்டி நிறைந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த பஸ் மலையில் இருப்பவர்களுக்காக ஓடுகிறது. காலையில் அவர்கள் இறங்க வேண்டும், மாலையில் வீடு திரும்ப வேண்டும். வண்டி ராத்திரி மேலே படுத்தால்தான் விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்க முடியும். நடக்க வருகிற நமக்கு வேண்டியதோ நேர் எதிர்: காலையில் ஏறணும், மாலையில் இறங்கணும். எங்களுக்காக அந்த நேரத்தை மாற்றச் சொன்னால் அந்தக் கர்ப்பிணிப் பெண் என்ன செய்வாள்? அதனால் நேரத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற நேரத்தைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மலையடிவார பஸ் ஸ்டாண்டுகளில் கோயில் ஊர்களுக்குப் போகும் வண்டி நேரத்தைப் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். அதே மாதிரி மலை வண்டிக்கும் இரண்டு வரி எழுதலாம்: கடைசியாக ஏறும் வண்டி இத்தனை மணிக்கு, கடைசியாக இறங்கும் வண்டி இத்தனை மணிக்கு. மேலே நிறுத்தத்திலும் அதே இரண்டு வரி வேண்டும், ஏனென்றால் தேவைப்படுவது அங்கேதான். ஒரு பெயிண்ட் டப்பா செலவு. மலையேற்றத்துக்குப் பதிவு செய்கிற இடத்திலும், பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்து பஸ் நிறுத்தம் எது, அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்கணும் என்று போட வேண்டும். எளிதான பாதைகளில் ஒன்றிரண்டையாவது, முதல் பஸ் வந்து சேர்ந்த பிறகு கிளம்புகிற மாதிரி வைத்தால் எங்களைப் போன்றவர்களும் வர முடியும். கல்வராயன் மலையில் ஒரு பாதை திறந்தால் முதல் ஆளாக நான் பதிவு செய்வேன், நாத்தனார் பேரையும் சேர்த்து.

இந்த மார்கழிக்கு ஏற்காடு போகலாம் என்கிறாள் அவள். 20 கொண்டை ஊசி வளைவு, சேலத்திலிருந்து பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, திண்ணையில் படுக்கிற வேலை இருக்காது என்று கணக்குப் போடுகிறாள். போகலாம். எனக்கென்னவோ அந்தத் திண்ணைக்கு இன்னொரு தரம் போய், அந்த அம்மாவுக்கு அளவெடுத்து ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கணும் என்று இருக்கிறது. காசுதானே வாங்க மாட்டார்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை மலையேற்றச் செய்தி போடும்போது, கடைசி பஸ் கீழே இறங்கும் நேரத்தை ஒரு வரியில் சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.