மேலே எறிந்த சாக்பீஸ் மேல் என்ன விசை இருக்கிறது?

பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நானும் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற ஆள்தான். ஒவ்வொரு ஜூனிலும் முதல் பாடமான இயக்க விதிகளோடுதான் என் வருஷம் தொடங்குகிறது. அந்தப் பாடத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்கு முன் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவி நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதி, விசைக்கான சமன்பாட்டைத் தருவித்து, ஏழுக்கு ஏழு வாங்கியிருந்தாள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. விடைத்தாள் கொடுத்த அன்று ஒரு சாக்பீஸை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்துவிட்டு, கையை விட்டுப் போனபிறகு, ஏறிக்கொண்டிருக்கும்போது, இதன்மேல் என்னென்ன விசை இருக்கிறது என்று போர்டில் அம்புக்குறி போடச் சொன்னேன். கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு, மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு போட்டாள். மேல்நோக்கி இருப்பது என்ன? "நீங்க எறிஞ்ச விசை சார்." உச்சியில்? "அங்க ரெண்டும் சமம் சார், அதான் ஒரு நொடி நிக்குது." வகுப்பே தலையாட்டியது.

உங்களுக்குத் தெரியாததல்ல. கையை விட்டதுமே கையின் விசை முடிந்துவிட்டது. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும், காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், பூமி கீழே இழுக்கும் அந்த ஒரே விசைதான். உச்சியில் சுழியாவது திசைவேகம், விசை அல்ல. விசையும் சுழியாகியிருந்தால் சாக்பீஸ் அந்தரத்திலேயே நின்றிருக்க வேண்டும். கையை விட்டுப் போகும்போது அது எடுத்துக்கொண்டு போனது உந்தத்தை, அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவதை. விசை வேறு, உந்தம் வேறு, விசை செய்வது அந்த உந்தத்தை மாற்றுவது மட்டும்தான் என்பதைத்தானே அவள் ஏழு மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதியிருந்தாள்?

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு பொருள் ஓட வேண்டுமானால் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதிலிருந்து உலகம் வெளியே வர ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆனது. அவ்வளவு ஏன், காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி நகரும் என்று 1920இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது, அப்போலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலையில்தான் அதைத் திருத்திக்கொண்டது. இப்படி ஊறிப்போன ஒன்றை, விதியைப் போர்டில் எழுதிப் படிக்கவைத்து மாற்ற முடியாது.

மாற்றவே முடியாதா என்றால், முடியும். போன வருஷம் ஒரு கேரம் போர்டை வகுப்புக்குத் தூக்கிப்போனேன். பவுடர் இல்லாமல் ஒரு காயைச் சுண்டச் சொன்னேன், பாதியில் நின்றது. ஏன் நின்றது என்றால், சுண்டிய விசை தீர்ந்துபோச்சு என்று நாலைந்து பேர் ஒரே குரலில். சரி, பவுடர் தூவி அதே மாதிரி சுண்டு என்றேன். எதிர்ப் பக்கம் இடித்துத் திரும்பி வந்தது. அதே சுண்டுதான், இப்போது ஏன் சீக்கிரம் தீரவில்லை? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "காய் தானா நிக்கல சார், பலகைதான் நிறுத்துது" என்றான். இன்னும் நல்ல பவுடர், இன்னும் நீளமான பலகை, உராய்வே இல்லாத பலகை என்று அவர்களே பேசிக்கொண்டு போனார்கள். கலிலியோ சாய்தளத்தில் உருண்டையை உருட்டிவிட்டு யோசித்த வழியும் கிட்டத்தட்ட இதுதான். வெளியிலிருந்து ஒரு விசை மாற்றாதவரை ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்ற முதல் விதியை நான் எழுதுவதற்கு முன்னாலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு காயை இன்னொரு காயில் நேராக மோதவிட்டோம். மோதியது கிட்டத்தட்ட அப்படியே நின்றது, சும்மா கிடந்தது ஓடியது. ஸ்ட்ரைக்கரால் அடித்தால் மட்டும் அது நிற்காமல் காயின் பின்னாலேயே போகிறதே என்று ஒரு பெண் கேட்டாள். ஸ்ட்ரைக்கர் காயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் என்பதிலிருந்து, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது என்கிற உந்த அழிவின்மைக் கணக்கு பிறந்தது.

இதற்கு இரண்டு பாடவேளை போனது. ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், கேலியாக இல்லை, அக்கறையாகவே கேட்டார்: "இது எந்தக் கேள்விக்கு வரும்?" என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. நிலைமம் (ஒரு பொருள் தன் நிலையைத் தானாக மாற்றிக்கொள்ளாத இயல்பு) என்பது யாது, அதன் வகைகள் யாவை என்று நீங்கள் கேட்கும்வரை நாங்கள் அந்த மூன்று வகையைத்தான் மனப்பாடம் செய்யவைப்போம். மெல்லக் கற்போருக்கான மினிமம் மெட்டீரியலிலும் அதுதான் இருக்கும். 75 மதிப்பெண்ணில் பன்னிரண்டு ஒரு மதிப்பெண் கேள்விகள் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றை இப்படிக் கேளுங்கள்: மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படுவது மேல்நோக்கிய விசை மட்டுமா, இரண்டு திசையிலும் இருந்து மேல்நோக்கியது பெரிதா, இரண்டும் சமமா, கீழ்நோக்கிய விசை மட்டுமா? தவறான விடைகள் பிள்ளைகள் உண்மையிலேயே நினைப்பவையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸ் என்ற இயற்பியலாளரும் அவருடன் இருவரும் 1992இல் கணக்குப் போடவே தேவையில்லாத இப்படியொரு வினாத்தாளை வெளியிட்டார்கள். இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் அதை ஹார்வர்டில் தன் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று ஒரு மாணவி கேட்டாராம். என் மாணவிக்கு அந்த இரண்டும் வேறு வேறு என்பதே தெரியாது, ஏனென்றால் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நான்கு மதிப்பெண்ணில் ஒன்று: விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும் இருந்தாலும், ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தை நீட்டி, விசையைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மறுமுறை அந்த வேலையைச் செய்யாது. 160 கிராம் கார்க் பந்து வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும்போது 0.02 வினாடியில் நிறுத்தினால் கைக்கு 240 நியூட்டன், கையைப் பின்னால் இழுத்து 0.1 வினாடியில் பிடித்தால் 48 என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது வரும். இரண்டு மூன்று வருஷத்தில் இவர்கள் எல்லோரும் வண்டி ஓட்டப்போகிறவர்கள், அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அப்படிக் கேட்டால் விடைக்குறிப்பில் ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்: புத்தகத்தின் வாக்கியம் அப்படியே இருக்க வேண்டியதில்லை, நேரத்துக்கும் விசைக்கும் உள்ள தொடர்பைச் சொந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண். திருத்தும் அறையில் நாங்கள் அந்த வரியைத்தான் தேடுவோம்.

இப்படிக்கு,
ஒரு பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்