கோடி வீட்டுப் பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

சுங்கை சிப்புட் சபையாருக்கும், எங்கள் வரிசை வீட்டுக்காரர்களுக்கும், வீட்டிலேயே வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகளின் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போய், தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். உள்ளே தண்ணீர் பில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நிறையப் பேருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். முதலில் கோடி வீட்டுப் பாட்டி.

பாட்டி நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, மாரியம்மனைக் கும்பிட்ட பிறகுதான் பசியாறுவார். 1948இல் பிறந்தவர், நம் ஊரில் கம்யூனிஸ்ட்டுகள் தோட்டத் துரைமார்களைச் சுட்டு, அதிலிருந்து மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அந்த வருடம். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. 30 வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இன்றும் கைநாட்டுதான்.

நான் ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. 'ஏதாவது உதவி வேண்டுமா' என்று பாட்டி கேட்கவே இல்லை. ஒரு நாள் காலையில் ஒரு தட்டு வெங்காயத்தோடு வந்தார், எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார், உரிக்க ஆரம்பித்துவிட்டார். ஐஸ்பெட்டிக் கதவில் நான் ஒட்டியிருந்த கால அட்டவணையைக் காட்டி, "இது என்னம்மா, படி" என்றார். படித்தேன். எட்டு மணி வேதபாடம், எட்டரை கணக்கு, ஒன்பதே கால் ஆங்கிலம், பத்து மணி மலாய், அப்புறம் அறிவியல், தமிழ், வரலாறு. பத்து நாளாக அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பாட்டி சிரித்துவிட்டார். "கித்தா மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தானேம்மா வெட்டுவோம். இதுங்கள தெனமும் ஏழு வெட்டு வெட்டுறியே?"

அப்புறம் அந்த ரப்பர் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தினமும் வெட்டினால் முதலில் பால் கூடுவது போல் இருக்குமாம். கொஞ்ச நாளில் மரம் வறண்டுவிடும், எத்தனை வெட்டினாலும் சொட்டாது. மழை பெய்தால் வெட்டே கிடையாது. கத்தி பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், கட்டையைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வருடம் கழித்து மறுபடி அங்கே வெட்ட வருகிறவளுக்குக் கத்தி ஓடாது. எனக்குப் புத்தி சொல்கிற நினைப்பே அவருக்கு இல்லை. வெங்காயம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு அட்டவணையைக் கிழித்தேன். வேதபாடமும் கணக்கும் மட்டும் தினமும். தமிழும் அறிவியலும் ஒரு நாள், ஆங்கிலமும் வரலாறும் மறுநாள். ஆறு வயதுக்காரனுக்கு எதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. நான் ஈப்போவுக்குப் போகிற நாள் மழை நாள், பாடமே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்குப் பாட்டி வந்துவிடுவார். பெரியவள் ஆதியாகமத்திலிருந்து யோசேப்பின் கதையை வாசிப்பாள். "நீ வாசிக்கிறது எனக்கு விளங்கலை, புஸ்தகத்த மூடிட்டு சும்மா சொல்லு" என்பார். சொன்னால், "அப்புறம்?" என்பார். யோசேப்பைக் குழியில் போட்ட அன்று, "குழியில தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. என் ஒன்பது வயது மகன், அதுவரை தானாக ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை, வேதாகமத்தைப் பிடுங்கி விரலை வைத்துத் தேடினான். "இல்ல பாட்டி, வெறுங்குழி!" என்று அவன் கத்திய கத்தல் எனக்கு வாசல்வரை கேட்டது. இரத்தம் தோய்த்த அங்கியைத் தகப்பனிடம் காட்டுகிற இடத்தில் பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதிலுக்கு ராமன் காட்டுக்குப் போன கதையை அவர் சொன்னார். இதைக் கேட்டு ஓரிருவர் முகம் சுளித்தது எனக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்துத் தவித்த தகப்பன் இரண்டு பேரை இப்போது என் பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

வாசித்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பாடம் குட்டையாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவைத்ததை நான் அடிக்கோடு போட்டுப் படித்தவள். அடிக்கோடு போட்டதோடு சரி. பெண்கள் ஐக்கியத்தில் ஜான் வெஸ்லி போதகரின் அம்மா சூசன்னா வெஸ்லியைப் பற்றிப் பேசியவளும் நான்தான்: 19 பிள்ளை பெற்றவர், வீட்டிலேயே பாடம் நடத்தியவர், வாரத்தில் ஒவ்வொரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்கென்று ஒதுக்கிப் பேசியவர். அவர் வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள் என்பதை அன்று நான் சொல்லவில்லை. அம்மாமார்களே, இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முறை வைத்துச் சோறு அனுப்பிய ஏழு வீடுகளுக்கு. உங்கள் டிபன் கேரியர்களில் இரண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, யாருடையது என்று வந்து பாருங்கள். விடிகாலையில் காரை எடுத்த தம்பிக்கு. இராத்திரியில் வந்து பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த பாஸ்டரம்மாவுக்கு. வாரம் மூன்று நாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மலாய் சொல்லிக்கொடுத்த பின்வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மாக்சிக்குக்கு. மலாயும் வரலாறும் தேறாமல் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழ் கிடையாது என்பதால் அந்தக் கவலை எனக்குத் தனியாக இருந்தது. பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கக் கல்வி அமைச்சுக்கு அனுப்பும் விலக்கு மனுவைப் பிழை திருத்தித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. (இதைத் தள்ளிப்போடுகிற அம்மாமார் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 2003லிருந்து ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.)

"இப்பவாவது ஸ்கூல்ல போடு" என்று சொன்னவர்களுக்கும் நன்றி. அன்பில் சொன்னதுதான். ஒரு வாரம் நானும் அதைத்தான் நினைத்தேன். அப்படிப் போட்டிருந்தாலும் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி நம்மில் யார் வீட்டுக்கு இப்படி ஒரு காலம் வந்தாலும் நான் பயிற்சித்தாள் கொண்டு வர மாட்டேன், ஆலோசனையும் கொண்டு வர மாட்டேன். ஒரு தட்டு வெங்காயத்தோடு வருவேன். உங்கள் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கேட்பேன்.

இதை முடிக்க வேண்டும், பாட்டி திண்ணையில் இருக்கிறார். யோசேப்பின் அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து அவன் முன்னால் குனிந்து நிற்கிறார்கள். "இவன்தான் அவன்னு அவனுங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று இன்று இரண்டு முறை கேட்டுவிட்டார். பெரியவள் சொல்ல மறுக்கிறாள். நாளைக்குப் பத்து மணிக்குத்தானாம்.