செயலாளர் ஆண்டறிக்கை: மேஜர் சரவணன் தகவல் பலகையும் நினைவுச்சின்னப் பராமரிப்பும்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் கொடிநாள் வசூலும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். 1999 கார்கில் போரில் உயிர்நீத்த திருச்சியின் பிள்ளை மேஜர் மாரியப்பன் சரவணன் பற்றிப் பள்ளிகளுக்கு வழங்கத் தயாரித்துள்ள தகவல் பலகையைப் பற்றித்தான் இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சுப் போட்டிகளிலும் நோட்டீஸ்களிலும் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர் வீழ்ந்த இடம் டைகர் ஹில் அல்ல. டைகர் ஹில் திராஸ் பகுதியில் உள்ளது. இவர் போரிட்டது பட்டாலிக் பகுதியின் ஜூபார் மலையில். பெற்ற விருது வீர் சக்ரா, பரம்வீர் சக்ரா அல்ல. நினைவு நாள் மே 29. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். இரண்டு நாளும் நமக்கு முக்கியம், ஆனால் ஒன்றாக்கிவிடக் கூடாது.

1972-இல் ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் தேறி, 1995-இல் பிகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில் சேர்ந்தார். 1999 மே 28 நள்ளிரவு தாண்டி, 14,000 அடிக்கு மேலிருந்த எதிரி நிலையைத் தாக்கும் பொறுப்பு அவருடையது. ராக்கெட் லாஞ்சரால் நேரே சுட்டதில் எதிரிகள் இருவர் மடிந்தனர். சிதறல்கள் பாய்ந்து காயப்பட்ட பிறகும் பின்வாங்காமல் மேலும் இருவரை வீழ்த்தினார். தலையில் குண்டு பாய்ந்து வீரமரணம் அடைந்தபோது வயது 26. அதே தாக்குதலில் உயிர்நீத்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா பெற்றவர். பலகையில் அவர் பெயரும் இடம்பெறுகிறது. அது இல்லாத பலகை அரைகுறைதான்.

அன்று மலை ஏன் கைக்கு வரவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். முறைப்படி 9,000 அடியில் ஆறு நாள், 12,000 அடியில் நான்கு நாள் தங்கி உடலைப் பழக்கிய பிறகே மேலே ஏற வேண்டும். சரிவில் மறைவு கிடையாது. ஆகவே இருளில் ஏறி, வெளிச்சம் வருமுன் எதிரியை நெருங்கிவிட வேண்டும். பொழுது விடிந்துவிட்டால் உச்சியில் கல் அரண் கட்டி உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொருவரும் குறிதான். மே இறுதியில் பீரங்கிப் படை முழு பலத்தோடு வந்து சேரவில்லை. போபர்ஸ் பீரங்கிகள் பெருமளவில் குவிந்த பிறகு, ஜூலையில்தான் அதே பட்டாலியன் ஜூபாரைக் கைப்பற்றியது. அதுவரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, மேஜரின் உடலை மீட்க முடியவில்லை. அந்தக் காத்திருப்பைப் பலகையில் ஒரு வரியாகவாவது எழுதாமல் விட மனம் வரவில்லை.

அச்சகத்துக்கு ஒரு குறிப்பு: வீர் சக்ரா நாடாவில் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. வண்ணம் மாறினால் வேறு விருதாகிவிடும். மெய்ப்பு பார்ப்பவர் கட்டாயம் சரிபார்க்கவும்.

திருச்சி கன்டோன்மென்டில் உள்ள மேஜர் சரவணன் நினைவுச்சின்னத்தைச் சுத்தம் செய்யும் தொண்டர்களுக்கு: பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். கிரானைட்டிலுள்ள இரும்புச்சத்தோடு சேர்ந்து மஞ்சள் கறை பிடிக்கும், பிறகு போகாது. தண்ணீர், மிதமான சோப்பு, மென்மையான துணி போதும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைக்கவும். கம்பி பிரஷ் பட்டால் எழுத்துக் குழிகளில் உள்ள பெயின்ட் பெயர்ந்துவிடும். மலர்வளையத்தை நேரே கல்லில் சாய்க்காமல் ஸ்டாண்டில் வைக்கவும். உள்ளிருக்கும் கம்பி நனைந்தால் துரு வளையம் படியும். மறுநாளே மலர்வளையத்தை அகற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பலகை வாசகத்தை அச்சுக்கு அனுப்பப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்