விருந்துக்கு மறுநாள்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். மஹேபூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று படித்ததும் என் கணவரைக் கூப்பிட்டு அந்தப் பகுதியை உரக்க வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, புழுக்கம் மட்டும் குறையவில்லை. தைப்பூசக் கொடியேற்றம் நெருங்கிவிட்டதால் வீட்டில் பேச்செல்லாம் காவடியைப் பற்றித்தான். மகன் வழக்கம்போல் காவடி எடுக்கிறான். பேத்தி முதன்முறையாகப் பால்குடம் எடுக்க ஆசைப்படுகிறாள். அவளுக்குத் தமிழில் ஒரு வேல் பாட்டாவது பிழையில்லாமல் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நான் மாலைதோறும் அவளோடு உட்காருகிறேன்.

உன் கடிதத்தின் பிற்பகுதியை மட்டும் என்னால் ஒருமுறை படித்துவிட்டு மடித்து வைக்க முடியவில்லை. சர்க்கரை நோய் என்று தெரிந்த நாள் முதல் மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டை மாதக்கணக்கில் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்த நீ, நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் வாழையிலையில் ஏழு கறியும் சோறும் ரசமும் உண்டு, பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்ததை ஒரு குற்ற வாக்குமூலம்போல எழுதியிருக்கிறாய். மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பகல் முழுவதும் பட்டினி கிடந்ததையும், மாலையில் தாங்க முடியாமல் கடைத்தெருவில் இரண்டு ஜோடி டால் பூரி வாங்கி நின்ற இடத்திலேயே சாப்பிட்டதையும், அன்றிலிருந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதையே நிறுத்திவிட்டதையும் எழுதியிருக்கிறாய். "எனக்குக் கட்டுப்பாடே கிடையாது, இத்தனை மாதம் இருந்ததெல்லாம் வேஷம்" என்று நீ எழுதிய வரியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நீ வேறு யாரையும் இவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் எடைக் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் அது இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது என்றும், மாதக்கணக்கான உழைப்பு ஒரே வேளையில் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உட்கொள்ள வேண்டும்; இரண்டு கிலோவுக்கு அது 15,000ஐத் தாண்டும். எந்தக் கல்யாண இலையிலும் அவ்வளவு இருக்காது. நாம் உண்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்துக்கொள்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. கறிகளிலும் ஊறுகாயிலும் இருக்கும் உப்பும் நீரைத் தேக்கி வைக்கும். நீ பார்த்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் அது தானாகவே இறங்கிவிடும்.

இரத்தப் பரிசோதனையும் நீ நினைப்பதுபோல் ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாது. மருத்துவர் எடுக்கச் சொல்லும் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை, சிவப்பணுக்களில் படிந்திருக்கும் சர்க்கரையை அளப்பது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஆகவே அந்த எண் இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்கிறது. அத்தனை நாள்களுக்கு நடுவே ஒரு மதிய விருந்து அதில் தெரிவதே அரிது. ஆனால் "எல்லாம் போய்விட்டது" என்று நீ கைவிட்டுவிட்ட இந்த வாரங்கள் தெரியும். எனக்கு அச்சம் தருவது பாயசம் இல்லை, பாயசத்துக்குப் பின் நீ உனக்கே செய்துகொண்டதுதான்.

இது உன் தனிப்பட்ட குறை என்று நீ நம்பிக்கொண்டிருப்பதால் ஒரு பழைய ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களில் சிலருக்கு மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவை பார்ப்பதற்காக என்று சொல்லி விரும்பிய அளவு உண்ணவிட்டார்கள். உணவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டார்கள். வயிறு நிறைந்தவர் செய்வது அதுதானே. எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு, குடிக்காதபோது உண்டதைவிட அதிகமாக உண்டார்கள். "இன்றைய நாள் கெட்டுவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன" என்ற எண்ணம்தான் அங்கே வேலை செய்தது என்று பிற்கால ஆய்வுகள் விளக்கின. கட்டுப்பாட்டில் அக்கறை உள்ளவர்களுக்கே இந்தச் சறுக்கல் நேர்கிறது என்பதைக் கவனி. உனக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதற்கு நீ காட்டும் சான்று, நீ எவ்வளவு இறுக்கமாக இருந்தாய் என்பதற்குத்தான் சான்று.

2007இல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி ஆகியோர் செய்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. டோனட் உண்ட பெண்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லோரும் சில வேளைகளில் இப்படிச் சாப்பிடுவதுதான், இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்று இரண்டு வார்த்தை கனிவாகச் சொன்னார்கள். பிறகு எல்லோர் முன்னும் மிட்டாய்களை வைத்தபோது, கட்டுப்பாட்டில் இருக்கும் பெண்களுள் அந்தக் கனிவான வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவாகவே உண்டார்கள். தன்னைத் தானே திட்டிக்கொள்வது ஒழுக்கத்தைக் காக்கும் என்று நம்மை வளர்த்தவர்கள் நம்பினார்கள். நாமும் வகுப்பறையில் அப்படித்தான் நம்பத் தொடங்கினோம். ஒரு கணக்குத் தப்பானதும் நோட்டுப் புத்தகத்தையே கிழித்துப் போடும் பிள்ளையை நீயும் பார்த்திருக்கிறாய். அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் திறந்து வைப்பவளாகத்தான் உன்னை எனக்குத் தெரியும்.

நீ உன் உணவுக் கட்டுப்பாட்டை விரதமாக எண்ணிவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. காவடி விரதம் கொடியேற்றத்தில் தொடங்கி, பத்தாம் நாள் முருகன் சந்நிதியில் முடிந்துவிடுகிறது. அது சாமியிடம் கொடுத்த வாக்கு. நடுவில் முறிந்தால் முறிந்ததுதான் என்று எண்ணி மனம் பதறுவதில் நியாயம் உண்டு. நம் தாய்மார் அந்தப் பத்து நாளும் அடுப்படியைக் கழுவித் துடைத்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, ஒரு சொட்டுக் குறையும் வராமல் காத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சர்க்கரை நோய்க்கான பத்தியத்துக்கோ முடிவு நாள் கிடையாது. இன்னும் எத்தனையோ கல்யாணங்களையும் தீபாவளிகளையும் துக்க வீடுகளையும் கடந்து வாழ்நாள் முழுவதும் அது உன்னோடு வர வேண்டும். இவ்வளவு நீண்ட காலத்துக்குரிய ஒன்றில் தவறும் நாள்களும் தொடக்கத்திலிருந்தே கணக்கில் சேர்ந்தவை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேர் ஒரு புதிய பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை என்று கண்டார்கள். முருகனிடம் நீ எந்த வாக்கையும் முறிக்கவில்லை, தோழி. அவன் உன் பாயசக் கிண்ணத்தை எண்ணிக்கொண்டிருப்பான் என்று நான் நம்பவில்லை.

பந்தியில் உன் இலைக்கு எதிரே நின்று, "ஒருநாள்தானே, சாப்பிடு, வேண்டாமென்றால் பெண் வீட்டாருக்கு மனம் வருந்தும்" என்று வற்புறுத்திய அதே உறவினர், பிறகு முற்றத்தில் நின்று "சர்க்கரை இருக்கிறவள் பாயசம் குடிக்கிறாளே" என்று பேசியதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டு விசேஷங்களில் அன்பு பெரும்பாலும் கரண்டியின் வழியாகத்தான் வருகிறது. அதை மறுக்கவும் முடியாது, ஏற்றால் பழியும் சேர்கிறது. நீ அந்த வார்த்தையை இன்னும் உன்னுள் சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. சொன்னவர் அன்றே மறந்திருப்பார்.

இந்தத் தீவில் இது தனி ஒருத்தியின் மன உறுதி பற்றிய கதையும் இல்லை. இங்கே பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். உன் தெருவில் வெள்ளை ரொட்டியும் வெள்ளைச் சோறும் மலிவு, எண்ணெயில் பொரித்தது ஒவ்வொரு முனையிலும் கிடைக்கும். ரேஷன் எண்ணெய் நினைவிருக்கிறதா? அதில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்தது. 1987இல் தொடங்கிய நலத் திட்டத்தின்போது அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மறுபடி அளந்து பார்த்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகக் குறைந்திருந்தது; அதில் கணிசமான பங்கு அந்த எண்ணெய் மாற்றத்துக்கு உரியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த ஐந்தாண்டில் நம் மக்கள் எல்லோரும் திடீரென்று மன உறுதி பெற்றுவிடவில்லை. கடையில் கிடைத்தது மாறியது, உடம்பும் மாறியது. ஆகவே உன்னை நீ திட்டிக்கொள்வதைவிட உன் சமையலறை அலமாரியிலும், வேலை முடிந்து நீ வீடு திரும்பும் வழியிலும் எதை மாற்றலாம் என்று யோசிப்பது பலன் தரும். டால் பூரிக் கடை இல்லாத வேறு தெரு வழியாக நடக்கலாம். பையில் கொஞ்சம் வேர்க்கடலை வைத்துக்கொண்டு பசி முற்றுவதற்கு முன்பே உண்ணலாம். இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் இவற்றைச் செய்ய மன உறுதி அதிகம் தேவைப்படாது.

மறுநாள் பட்டினியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் சர்க்கரை நோய் மாத்திரைகளில் சில இன்சுலினை மேலும் சுரக்க வைப்பவை என்பதும், அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அடக்க முடியாத பசி எல்லாம் அதன் அறிகுறிகள். கடைத்தெருவில் கை நடுங்கியபடி நீ டால் பூரி வாங்கினாய் என்று எழுதியிருக்கிறாயே, அது பேராசையாக இல்லாமல், காலையிலிருந்து ஒன்றும் கொடுக்காத உடம்பு உதவி கேட்டதாகவே இருக்கலாம். எப்படிப்பட்ட விருந்து முடிந்தாலும் மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான உணவை உண். மாத்திரையைச் சொன்ன அளவில் போடு. ஈடுகட்டுவதற்காக ஒன்று கூடுதலாகப் போடாதே. விருந்து முடிந்த கையோடு பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், ஏறும் சர்க்கரை ஓரளவு தணியும். விரலில் குத்திப் பார்ப்பதையும் இன்றே மறுபடி தொடங்கு. எண் அதிகமாக இருந்தாலும் அதைக் குறிப்பேட்டில் எழுது. மருத்துவருக்கு மருந்தளவைச் சரிபார்க்க உதவப் போவது அந்த எண்தான்.

இன்னும் ஒன்றையும் தயங்காமல் கேட்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவதாகவும், தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை என்றும் ஓர் இடத்தில் எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறாய். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. அது அடிக்கடி நேர்கிறது என்றால், அல்லது அதன் பிறகு வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல். அதுவும் ஒரு நோய்தான். அதற்குச் சிகிச்சை உண்டு. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நானும் உன்னோடு வருகிறேன்.

உன் அடுத்த பரிசோதனை எந்த நாளில் என்று எழுதவில்லை. சுகாதார நிலையத்தில் கேட்டு எழுது. மாத்திரைகளின் பெயர்களையும் அட்டையைப் பார்த்து எழுதி வைத்துக்கொள். அவற்றில் எதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், ஒரு வேளை சாப்பாடு தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேள். அவர் சொன்னதை எனக்கும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழி